நெடுவழிக்கு உரிய சக்கரம்

பழந்தமிழில் வண்டிச் சக்கரத்துக்குக் 'கால்' என்பது ஒரு பெயர். மனிதனை நிற்கவும் நடக்கவும் செய்வது கால். வண்டியை நிற்கவும் ஓடவும் செய்வதும் கால். இப்பெயரை இட்டவர்கள் பொருளின் இயல்பை நன்கு உணர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. வண்டியில் அழகிய பகுதிகள் பல இருக்கலாம். கால் ஒடிந்துவிட்டால் அவை அனைத்தும் வெறுஞ் சுமையே ஆகும்.

புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு தேர்க்காலைக் காட்டுகிறார். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்கும் பாட்டு அது. ஒரு நாளில் எட்டுத் தேர்களைச் செய்ய வல்லவன் ஒரு தச்சன். அவன் ஒரு திங்கள் முழுதும் முயன்று ஒரே ஒரு தேர்க்காலைச் செய்தால், அஃது எத்தகைய வலிமை உடையதாய் இருக்கும்! அதியமான் அத்தகைய வலிமை உடையவன் என்கிறார் புலவர். இருநூற்று நாற்பது தேர்களைச் செய்தற்குரிய காலம் ஒரு சக்கரத்துக்குச் செலவாயிற்று என்று கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வுவமையின் சிறப்பு நன்கு விளங்கும். நல்ல சக்கரம் விரைவில் கிடைப்பதன்று. பொறுமையும் திறமையும் கலந்து உருவாவது. இவ்வுண்மை தேருக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து மிதிவண்டிக்கும் பொருந்தும்.

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தையும் வண்டலூரையும் கடந்து, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்துள்ளது கூடுவாஞ்சேரி. ஒரு புறம் இருப்புப்பாதை. மற்றொரு புறம் வீடுகள் சூழ்ந்த நந்திவரம் ஏரி. இடையே இரவும் பகலும் ஓயாத பெருஞ்சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரவன் எழுமுன்னரே இச்சாலையில் மிதிவண்டியினர் பலரைக் காணலாம். சிலர் செங்கற்பட்டு வரை சென்று, கொளவாய் ஏரியைக் கண்டு திரும்புவர். சிலர் திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரம் சென்று கடலைக் காண்பர். பாலாற்றைக் கடந்து, படாளத்தில் திரும்பி, வேடந்தாங்கலில் பறவைகளைக் கண்டு வருவாரும் உளர். ஊக்கம் மிகுந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மூட்டை முடிச்சுகளுடன் கன்னியாகுமரியை நோக்கிப் புறப்படுவதும் உண்டு.

நெடும்பயணம் செல்வோருள் பலர் மலை மிதிவண்டியை விரும்புகின்றனர். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மலைச் சரிவுகளில் ஓட்டுவதற்கென்று இளைஞர்கள் சிலர் பழைய மிதிவண்டிகளைத் திருத்தி அமைத்தனர். அம்முயற்சியிலிருந்து பிறந்ததே மலை மிதிவண்டி. தடித்த சட்டம், அகன்ற டயர், பல பற்சக்கரங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். மண் பாதையிலும் கற்பாதையிலும் அது தயங்காமல் செல்லும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் நம் ஊர்ச் சாலைகளில் தோன்றும் பள்ளங்களை நோக்கும்போது, மலையே இல்லாத ஊரிலும் இவ்வண்டிக்கு வேலை உண்டு என்பது தெரியும்.

ஆயினும், கடையிலிருந்து வரும் மலை மிதிவண்டி ஒருவர் ஏறி ஓட்டுவதற்கென்று அமைந்தது. மூட்டைகளையும் ஏற்றி நெடுந்தொலைவு செல்லும்போது அதன் சக்கரங்கள் முதலில் தளர்கின்றன. அவற்றுள்ளும் பின்சக்கரமே முன்னதாக இடர்ப்படுகிறது. அப்போது மாற்றுச் சக்கரம் ஒன்றைத் தேடவேண்டிய நிலை வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சிறிய வினாப்போல் தோன்றலாம். பேருந்துகளும் சரக்குந்துகளும் விரையும் சாலையில் சக்கரம் திடீரென வளைந்தால் விளையும் கேட்டை எண்ணினால், அவ்வினா எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் கூடுவாஞ்சேரியில் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பல திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், பத்து நாள் விடுமுறையும் அவரிடம் உள்ளன. கன்னியாகுமரிக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 660 கிலோமீட்டர். அவர் எடை 70 கிலோ. வண்டியின் எடை 15 கிலோ. துணி, கூடாரம், தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்ந்து 20 கிலோ. ஆக 105 கிலோ. இதில் பாதிக்கு மேற்பட்ட பங்கைப் பின்சக்கரம் தாங்கவேண்டும். அவருடைய பழைய பின்சக்கரத்தில் கம்பிகள் அடிக்கடி அறுந்துவிடுகின்றன. புதிய சக்கரம் வாங்க எண்ணிக் கடைக்குச் செல்கிறார். அங்கே இருவகைச் சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று கரிய நிறமும் பளபளப்பும் உடையது. 24 கம்பிகளே கொண்டது. கையில் எடுத்தால் பூப்போல் இருக்கிறது. மற்றொன்று எளிய தோற்றம் உடையது, 36 கம்பிகள் கொண்டது, சற்றுக் கனமானது. கண் முதலாவதை நாடுகிறது. அறிவு எதை நாடவேண்டும்?

இதற்கு விடை காண, மிதிவண்டிச் சக்கரம் சுமையை எவ்வாறு தாங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் தடித்த மரத்தால் ஆனவை. அச்சு அவற்றின்மேல் ஊன்றி நிற்கிறது. தூண் கூரையைத் தாங்குவதுபோல் அடியில் உள்ள ஆரக்கால் சுமையைத் தாங்குகிறது. மிதிவண்டியின் ஆரமோ இரண்டு மில்லிமீட்டர்க் கம்பி. அதைத் தரையில் ஊன்றி விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். இத்தகைய மெல்லிய கம்பி ஓர் ஆளைச் சுமப்பது எங்ஙனம்?

கம்பிகள் அனைத்தும் முன்னரே இறுக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதே இதன் மறைபொருள். நன்கு அமைந்த பின்சக்கரத்தின் வலப்பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையுடன் நிற்கிறது. ஒருவர் வண்டியில் ஏறி அமர்ந்தவுடன், தரையை ஒட்டியுள்ள சில கம்பிகளின் இறுக்கம் சிறிது குறைகிறது. மேலேயுள்ள கம்பிகள் பெரிதும் மாறுவதில்லை. இவ்வாறு இறுக்கம் குறைவதன் வாயிலாகவே சுமை தாங்கப்படுகிறது. கம்பிகள் முன்னரே இறுக்கமாக இருந்தால், குறைந்தபின்னும் போதிய இறுக்கம் எஞ்சி நிற்கும். முன்னரே தளர்ந்திருந்தால், அடியில் வரும்போது அவை முற்றும் தொய்ந்து, தம் கடமையை மறந்துவிடும்.

சக்கரம் ஒருமுறை சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 480 முறைக்கு மேல் அது சுழல்கிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து கன்னியாகுமரி சேர்வதற்குள் ஒவ்வொரு கம்பியும் மூன்று லட்சம் முறைக்கு மேல் தளர்ந்து இறுகவேண்டும். மெல்லிய இரும்புக் கம்பியை இருபுறமும் மாறி மாறி வளைத்தால் அது சிறிது நேரத்தில் ஒடிவதை மாணவர் அறிவர். உலோகம் அடையும் இக்களைப்பே சக்கரக் கம்பி அறுவதற்கும் காரணம். பெரும்பாலும் கம்பி அறுவது, குடத்தில் மாட்டப்படும் அதன் வளைந்த கழுத்திலேயே ஆகும். ஒரு பள்ளத்தில் விழுந்த அன்றே அது அறுவதில்லை. பல நாள் பட்ட துன்பம் ஒருநாள் வெளிப்படுகிறது.

பின்சக்கரத்துக்கு மற்றும் ஓர் இடையூறு உண்டு. அதன் வலப்புறத்தில் பற்சக்கரங்கள் இடம் பிடித்துக்கொள்கின்றன. அதனால் வலப்பக்கத்துக் கம்பிகள் நிமிர்ந்தும், இடப்பக்கத்துக் கம்பிகள் சாய்ந்தும் நிற்கின்றன. சக்கரம் நடுவில் ஓடவேண்டுமானால் வலக்கம்பிகள் மிகுதியாக இறுகவேண்டும். இடக்கம்பிகள் குறைவாகவே இறுகும். ஒரே வீட்டில் ஒருவர் மிகுதியாக உழைக்க, மற்றொருவர் ஓய்ந்திருப்பது போன்ற நிலை இது. மேலும், மிதிக்கும் விசை முழுதும் இச்சக்கரத்தின் வழியாகவே தரையை அடைகிறது. மூட்டைகளும் இதன் மேலேயே அமர்கின்றன. கையிற் பணம் குறைவாக இருப்பின், பின்சக்கரத்துக்கே முதற்கண் செலவிடுதல் தகும்.

இனி, உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலாவது, வெளிவட்டமாகிய ரிம். பழைய மிதிவண்டிகளில் குரோமியம் பூசிய இரும்பு ரிம் இருந்தது. அது வலியது, ஆனால் கனமானது, மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதைப் பற்றாமல் வழுக்கும். இன்று மலை மிதிவண்டிகளில் அலுமினியக் கலவையால் ஆன ரிம்மே பெரும்பான்மை. அதிலும் ஒற்றைச் சுவர் உடையது, இரட்டைச் சுவர் உடையது என இருவகை உண்டு. இரட்டைச் சுவர் ரிம்மின் குறுக்குவெட்டு ஒரு சிறு பெட்டிபோல் இருக்கும். தட்டையான பலகையைவிடப் பெட்டி எளிதில் வளையாது. ஆதலின் நெடும்பயணத்துக்கு இரட்டைச் சுவர் ரிம்மே ஏற்றது. இரண்டு அங்குல அகலமுள்ள டயருக்கு, ரிம்மின் உள் அகலம் 21 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருத்தல் நன்று. உட்புறத்தில் உள்ள துளைகளின் விளிம்பு டியூபைக் கிழிக்காதவாறு உறுதியான நாடா ஒன்றைச் சுற்றுதலும் வேண்டும். சில காசு பெறும் நாடாவை மறந்து, வழி நெடுகப் பஞ்சர் ஒட்டியவர்கள் உண்டு.

ரிம்மின் அளவைக் குறித்துக் குழப்பம் மிகுதி. 26 அங்குலம் என்று எழுதப்பட்ட டயர்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. டயரின் பக்கத்தில் 50-559 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னது டயரின் அகலம். பின்னது டயர் அமரும் வட்டத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர்க் கணக்கு. மலை மிதிவண்டியின் 26 அங்குலச் சக்கரத்துக்கு 559, 27.5 அங்குலத்துக்கு 584. 29 அங்குலத்துக்கு 622. பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிப் பழகிய 28 அங்குலச் சாதாரண மிதிவண்டிக்கோ 635. பின்னெண் ஒத்தால்தான் டயர் பொருந்தும். ஒரே கம்பி எண்ணிக்கையும் ஒரே தரமும் உடைய இரண்டு சக்கரங்களுள் சிறியதே வலியது. எனினும், சட்டமும் பிரேக்கும் எந்த அளவுக்கு அமைந்தனவோ அந்த அளவையே வாங்கவேண்டும். விருப்பம் ஒன்றாகவும் வண்டி வேறாகவும் இருத்தல் ஆகாது.

இரண்டாவது, கம்பி. 1874-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர், கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விரிக்காமல், சாய்த்து ஒன்றையொன்று குறுக்கிடுமாறு கோக்கும் முறையைக் கொண்டுவந்தார். மிதிக்கும் விசை குடத்தைத் திருகும்போது, சாய்ந்த கம்பிகளே அதை ரிம்முக்கு எடுத்துச் செல்லவல்லன. இன்றும் ஒரு கம்பி வேறு மூன்று கம்பிகளைக் கடந்து செல்லுமாறு கோப்பதே பெருவழக்கு. தட்டுப் பிரேக் உடைய வண்டியில், பிரேக்கின் விசையும் குடத்திலிருந்தே ரிம்மை அடைவதால், முன்சக்கரத்துக்கும் இம்முறை இன்றியமையாதது.

கம்பிகளின் எண்ணிக்கை எவ்வளவு இருத்தல் வேண்டும்? பழைய ஆங்கில மிதிவண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று வைத்தனர். பின்சக்கரம் மிகுந்த சுமை தாங்குவது என்பதை அவர்கள் மறக்கவில்லை. இன்று மூட்டையுடன் செல்லும் வண்டிக்கு 36 கம்பிகள் நல்ல கணக்கு. உடலும் சுமையும் எளியவர்க்கு 32 போதும். கம்பி மிகுந்தால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். அதைவிடச் சிறந்த பயன் மற்றொன்று உண்டு. 36-இல் ஒன்று அறுந்தால் சக்கரம் சிறிதே கோணும். அக்கம்பியை அடுத்த கம்பியோடு சுற்றிவிட்டு, பக்கத்துக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, மெதுவாக ஊர் சேரலாம். 24-இல் ஒன்று அறுந்தால் சக்கரம் பெரிதும் கோணி, சட்டத்தில் உராய்ந்து நின்றுவிடும். துணைவர் பலர் உள்ள வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் குடும்பம் தள்ளாடாது. சிலரே உள்ள வீட்டில் ஒருவர் வீழ்ந்தால் அனைத்தும் நிற்கும்.

தடித்த கம்பியே வலியது என்று பலர் எண்ணுவர். இஃது ஓரளவே உண்மை. இரு முனைகளும் 2 மில்லிமீட்டரும், நடுப்பகுதி 1.8 மில்லிமீட்டரும் உடைய கம்பிகள் விற்கின்றன. நடுவில் மெலிந்த அக்கம்பி, அதிர்ச்சி வரும்போது சிறிது நீண்டு கொடுக்கிறது. அதனால் கழுத்தின்மேல் விழும் துன்பம் குறைகிறது. வெள்ளத்தில் வளைந்து பிழைக்கும் நாணலை இஃது ஒக்கும். கம்பி துருப்பிடிக்காத எஃகினால் ஆனதாக இருத்தல் வேண்டும். மாமல்லபுரத்துக் கடற்காற்றும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்பும் துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பியை விரைவில் அரிக்கும். கம்பியை ரிம்மில் பிணைக்கும் சிறு திருகாகிய நிப்பிளும் பித்தளையாக இருப்பதே நலம். அலுமினிய நிப்பிள் எடை குறைந்தது. ஆனால் நாட்பட்டால் கம்பியோடு இறுகிப்போய்த் திருப்ப முடியாமற் போகலாம்.

மூன்றாவது, குடம். இதனை ஹப் என்பர். பற்சக்கரத் தொகுதி குடத்தின்மேல் திருகி ஏற்றப்படும் பழைய முறையில், வலப்பக்கத்துப் பேரிங் சட்டத்திலிருந்து உள்ளே தள்ளி அமைகிறது. அதனால் அச்சின் ஒரு முனை தாங்குவாரின்றி நீண்டு நிற்கும். சுமை மிகுந்தால் அவ்வச்சு வளையும், சிலவேளை முறியும். பற்கள் குடத்தோடு சேர்ந்த சுழல் உறையின்மேல் செருகப்படும் புதிய முறையில், பேரிங் சட்டத்தை ஒட்டியே அமைந்து அச்சைத் தாங்குகிறது. மூட்டை ஏற்றுவோர் இரண்டாவதையே கொள்ளவேண்டும். வாங்குமுன், சட்டத்தின் பின்கவையின் இடைவெளியையும் அளந்து பார்த்தல் வேண்டும். பல மலை மிதிவண்டிகளில் அது 135 மில்லிமீட்டர். புதிய வண்டிகளில் 142, 148 என மாறி வருகிறது.

பேரிங்கிலும் இருவகை உண்டு. கிண்ணமும் கூம்பும் இடையே எஃகுக் குண்டுகளும் உடையது ஒன்று. இக்குண்டுகளைத் தொழிலாளர் 'பால்ரஸ்' என்பர். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டுகளும், முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து மூன்றுபதினாறு அங்குலக் குண்டுகளும் இருப்பது வழக்கம். சிற்றூரிலும் மிதிவண்டி பழுது பார்ப்பவர் இதனைக் கழற்றி, துடைத்து, கிரீசு இட்டுப் பூட்டித் தருவார். மற்றொன்று மூடிய பேரிங். மழைநீரும் சேறும் இதனுள் எளிதில் புகா. தேய்ந்தால் முழுதாகவே மாற்றவேண்டும். அதன்மேல் பொறித்த எண்ணைச் சொன்னால் நகரத்துப் பேரிங் கடைகளில் கிடைக்கும். இரண்டும் நல்லவையே. செல்லும் வழியில் எதனைச் சீர்செய்ய இயலும் என்பதே தேர்வுக்கு அடிப்படை.

பிரேக்கையும் மறத்தல் ஆகாது. ரிம்மைப் பற்றும் பிரேக் உடைய வண்டியில் ரிம்மின் பக்கச்சுவர் நாளுக்கு நாள் தேய்கிறது. அது மெலிந்துவிட்டால் ஒருநாள் காற்றின் அழுத்தத்தால் பிளந்துபோகும். தேய்மானத்தை அறிவதற்காகவே சில ரிம்களில் ஒரு சிறு வரிப்பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அது மறைந்தால் ரிம்மை மாற்றவேண்டும். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய இறக்கத்தில் பிரேக்கை விடாது பிடித்து வந்தால் ரிம் கொதித்து டியூபும் வெடிக்கக்கூடும். தட்டுப் பிரேக்கு உடைய வண்டியில் அத்தேய்மானமும் வெப்பமும் தட்டைச் சேர்வதால் ரிம் நெடுநாள் உழைக்கும்.

நல்ல ரிம், நல்ல கம்பி, நல்ல குடம் ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் நல்ல சக்கரம் ஆகிவிடுமா? ஆகாது. நெல்லும் நீரும் நிலமும் இருந்தும் உழவன் இல்லையேல் விளைவு இல்லை. அவற்றைக் கோக்கும் கை வேண்டும். தொழிற்சாலையில் எந்திரம் கோத்த மலிவான சக்கரங்களில் கம்பிகளின் இறுக்கம் பெரும்பாலும் குறைவாகவும் ஒழுங்கற்றதாகவும் இருக்கும். திறமை வாய்ந்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருகி, சக்கரத்தைச் சுழற்றி, கோணலை நோக்கி, மீண்டும் திருகுவார். இதைப் 'பெண்டு எடுத்தல்' என்பது கடைவழக்கு. வீணையின் நரம்பைச் சுண்டிச் சுருதி காண்பதுபோல், அவர் கம்பிகளைச் சுண்டி ஒலியைக் கேட்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே ஒலி எழுப்பினால் இறுக்கம் ஒத்தது என்று அறிவார். பின்னர் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடிப்பார். கம்பியின் கழுத்து குடத்தில் படிந்து அமர்தற்குச் செய்யும் செயல் அது. ஔவையார் கண்ட தச்சனின் வழித்தோன்றல் இவரே எனலாம்.

கூடுவாஞ்சேரிப் பயணி இத்தகைய முதியவர் ஒருவரிடம் சென்று, "ஐயா, கம்பிகளைச் சிறிது தளர்வாகவே விட்டால் பள்ளத்தில் அதிர்ச்சி தெரியாமல் இருக்குமே?" என்று வினவுவாரானால், "தம்பி, அதிர்ச்சியைத் தாங்குவது டயரின் காற்று. கம்பியின் வேலை தளராமல் நிற்பது. அவரவர் வேலையை அவரவர் செய்யவேண்டும்" என்று அவர் விடை கூறுவார். 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்திய நாள்முதல், அதிர்ச்சியைத் தணிப்பது காற்றின் கடமையாயிற்று. தளர்ந்த கம்பியால் மென்மை கிடைப்பதில்லை, முறிவே கிடைக்கும்.

புதிய சக்கரத்துடன் அன்றே நெடுவழி புறப்படுதலும் அறிவுடைமை ஆகாது. வேடந்தாங்கலுக்கோ மாமல்லபுரத்துக்கோ மூட்டைகளுடன் இருமுறை சென்று வந்தால் 200 கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்குள் கம்பிகள் தத்தம் இடத்தில் அமரும், சில தளரும். மீண்டும் ஒருமுறை தொழிலாளியிடம் காட்டி இறுக்கம் பார்த்துக்கொண்டால், பிறகு நெடுங்காலம் கவலை இல்லை. சுமையைக் குறைத்தலும் சக்கரத்தைக் காக்கும் வழியே. மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டும் உண்மை. வேண்டாத பொருளை வீட்டில் விட்டுச் செல்பவரின் சக்கரம் வேண்டிய ஊரைச் சென்று சேரும்.

எல்லாம் செய்த பின்னும் இடையூறு வாராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. உளுந்தூர்ப்பேட்டையிலோ கயத்தாற்றிலோ கம்பி ஒன்று அறுந்தால், அங்குள்ள கடையில் சாதாரண மிதிவண்டிக் கம்பி கிடைக்கலாம். மலை மிதிவண்டிக்கு உரிய நீளத்தில் கிடைப்பது அரிது. இரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் கம்பி பொருந்தாது. இங்கும் ஔவையாரே வழி காட்டுகிறார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது, உப்பு வணிகராகிய உமணரின் வண்டியை அவர் உவமையாகக் கொள்கிறார். வழி மேடும் பள்ளமும் ஆனது. நேர்வதை யார் அறிவார்? ஆகையால் உமணர் வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் சேமமாகக் கட்டிச் சென்றனர். இன்றைய பயணியும் முன்சக்கரத்துக்கு உரிய நீளம், பின்சக்கரத்தின் வலப்புற நீளம், இடப்புற நீளம் என ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பிகளைச் சட்டத்தின் குழாயோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். நிப்பிள் திருகியையும், பற்சக்கரத் தொகுதியைக் கழற்றும் கருவியையும் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். அக்கருவி இல்லையேல் வலப்புறக் கம்பியை மாற்ற இயலாது. உமணர் சுமந்தது மரத்தாலான அச்சு. இவர் சுமப்பது சில கிராம் எடையுள்ள கம்பி. முன்னறிவு இருவர்க்கும் ஒன்றே.

இனிக் கடையில் நின்ற பயணியின் ஐயம் தீர்ந்திருக்கும். பளபளக்கும் 24 கம்பிச் சக்கரம், சுமையின்றி நல்ல சாலையில் விரைந்து செல்பவருக்கு உரியது. அவருக்கு அது குறையுடைய பொருள் அன்று. மூட்டையுடன் மேடு பள்ளங்களைக் கடப்பவருக்கோ, இரட்டைச் சுவர் ரிம்மும், 36 எஃகுக் கம்பிகளும், பித்தளை நிப்பிள்களும், அச்சை நன்கு தாங்கும் குடமும் உடைய எளிய சக்கரமே உற்ற துணை. ஒரு பொருள் சிறந்ததா என்று மட்டும் கேட்பது போதாது. எந்த வேலைக்குச் சிறந்தது என்று கேட்கவேண்டும்.

தமிழ்நாட்டில் மிதிவண்டிக்கும் மக்களுக்கும் உள்ள உறவு நெருங்கியது. 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டிகளை உருவாக்கியது. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் ஏறி மேனிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவ மாணவியர் பல லட்சம் பேர். அவ்வண்டியின் சக்கரமும் இதே விதிகளுக்கு உட்பட்டதே. பள்ளிக்குப் புறப்படுமுன் கம்பிகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, தளர்ந்த ஒன்றைக் கண்டறிந்து இறுக்கச் செய்யும் மாணவி, நாளை அறுந்துபோக இருந்த கம்பியை இன்றே காத்துவிடுகிறாள்.

சக்கரத்தில் எல்லாரும் காண்பது ரிம்மின் ஒளி. சுமையைத் தாங்குவதோ, கண்ணுக்கு எளிதில் புலப்படாமல் இறுகி நிற்கும் கம்பிகள். ஒவ்வொன்றும் மெல்லியது, தனித்து நின்றால் ஒரு விரலின் அழுத்தத்துக்கும் வளைவது. அளவறிந்து இறுக்கி, ஒன்றோடொன்று இணக்கி, ஒத்த சுருதியில் நிறுத்தினால், அவை ஒரு மனிதனையும் அவன் மூட்டைகளையும் தென்குமரிவரை சுமந்து செல்கின்றன. ஒரு வகுப்பும், ஓர் ஊரும், ஒரு நாடும் இவ்வாறே இயங்குகின்றன.